புத்தூர் கட்டா, மாவுக்கட்டா? உடைந்தது எந்த எலும்பு என்று முதலில் கேளுங்கள்

வேலூர்ப் பக்கம் ஒருவருக்குக் கை உடைந்தால் வண்டி பிடிப்பதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து நடக்கும். போன தை மாதம் எங்கள் தெருவில் நடந்தது. மாடு விடும் விழா பார்க்கத் தடுப்புக் கட்டையின் மேல் ஏறி நின்ற பையன், மாடு வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, கையை ஊன்றியபடி விழுந்துவிட்டான். இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "புத்தூர் போயிடலாம், மூணு கட்டுல சேர்ந்துடும்" என்றார் தாத்தா. "முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம் மாமா" என்றார் பையனின் அம்மா. ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். புத்தூரில் கட்டி நேரான கை, புத்தூரில் கட்டிக் கோணலான கை, ஆபரேஷன் செய்து நேரான கை, ஆபரேஷன் செய்தும் மடக்க முடியாத கை.

நான்கு சாட்சியும் உண்மையாகவே இருக்கலாம். புத்தூர் ஒன்றும் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. இன்றைக்கு ஆந்திராவில் இருந்தாலும், 1911-இல் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரியும் வரை அது நம் வட ஆற்காட்டில்தான் இருந்தது. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவித் துணி சுற்றும் அந்தக் கட்டின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அதனால் "புத்தூரா, ஆஸ்பத்திரியா" என்ற சண்டை இங்கே சீக்கிரம் தீராது. ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு. உடைந்தது எந்த எலும்பு? கையில் சில எலும்புகள் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சில எலும்புகள் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்காது. அது ஏன் என்று தெரிய, கை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். தமிழில் "கை" என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும். அந்த முழுக் கையில் தோள்பட்டை எலும்பு ஒன்று, காறை எலும்பு ஒன்று, மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. மொத்தம் 32. இரண்டு கைக்கும் சேர்த்து 64. பெரியவர்களின் உடம்பில் மொத்தமே 206 எலும்புகள்தான் என்பதால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைகளுக்கே போய்விடுகிறது. அதிலும் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மட்டும் ஒரு கைக்கு 27.

இந்த 32 எலும்புகளும் உடம்போடு எங்கே சேர்கின்றன தெரியுமா? ஒரே ஒரு இடத்தில். காறை எலும்பின் உள் முனை, மார்பெலும்பின் மேல் விளிம்பில் வந்து தொடுகிறதே, அங்கேதான். முதுகுப் பக்கம் இருக்கிற தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளோடு எந்த மூட்டாலும் இணையவில்லை. தசைகளுக்கு நடுவே மிதக்கிற ஒரு தகடு அது. அதனால்தான் பரணில் இருக்கிற பாத்திரத்தையும் எட்டி எடுக்க முடிகிறது, முதுகையும் சொறிந்துகொள்ள முடிகிறது.

எட்டுவதற்காக உறுதியை விட்டுக்கொடுத்த கட்டுமானம் இது. இடுப்பு மூட்டு, ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்த மாதிரி ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டு அப்படி இல்லை. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் என்று சொல்லலாம். பழம் உருளாமல் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியிருக்கிற தசையும், தசையை எலும்போடு கட்டுகிற நாணும்தான். உடம்பில் அடிக்கடி நழுவுகிற பெரிய மூட்டு எது என்றால் தோள்தான். சின்ன வயதில் ஒருமுறை நழுவினால் மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம்.

காறை என்பது கழுத்தில் போடும் ஒரு பழைய நகை. அந்த நகை படிகிற இடத்தில் இருப்பதால் காறை எலும்பு. கருவில் ஐந்தாறு வாரத்திலேயே முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது இதுதான். ஆனால் இதன் உள் முனை முழுசாக முற்றிச் சேர 25 வயது வரை ஆகிவிடும். முதலில் தொடங்கிக் கடைசியில் முடிக்கிற வேலைக்காரன். கையை ஊன்றியோ தோள்பட்டை அடிபட்டோ விழும்போது, அந்த அடி எல்லாம் மேலே ஏறி இந்த மெல்லிய எலும்பில் வந்து சேர்கிறது. பெரும்பாலும் நடுப்பகுதியில் முறிகிறது.

எங்கள் தெருப் பையனுக்கும் அதுதான். எக்ஸ்ரேயில் காறை எலும்பு. ஆஸ்பத்திரியில் ஊசி இல்லை, கத்தி இல்லை, மாவுக்கட்டும் இல்லை. கழுத்திலிருந்து கைக்கு ஒரு தொட்டில் கட்டி, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தாத்தாவுக்கு ஏக சந்தோஷம். "இதுக்கு நான் புத்தூர் போயிருந்தாலும் சேர்ந்திருக்குமே!" உண்மைதான், சேர்ந்திருக்கும். தோல் கிழிகிற மாதிரி முனை துருத்தாமல், இரண்டு துண்டும் வெகுதூரம் விலகாமல் இருந்தால், காறை எலும்பு யார் கட்டினாலும் சேரும். சேர்ந்த இடத்தில் ஒரு முண்டு இருக்கும், அவ்வளவுதான்.

மேற்கை எலும்பின் நடுத்தண்டும் பெரும்பாலும் இந்த ரகம். மேலே இருக்கிற தோள் மூட்டு எல்லாத் திசையிலும் சுழல்வதால், எலும்பு 20 டிகிரி வளைந்து சேர்ந்தாலும் வெளியில் பெரிசாகத் தெரியாது. தொங்குகிற கையின் எடையே அதை நேராக்கப் பார்க்கும். ஆனால் இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. ரேடியல் நரம்பு இந்த எலும்பை ஒட்டிக்கொண்டு, கொடி கம்பத்தைச் சுற்றுகிற மாதிரி பின்பக்கமாகச் சுற்றி இறங்குகிறது. முறிவில் அது நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். எலும்பே உடையாமலும் இது வரும். இரவு பஸ்ஸில் சீட்டுக் கம்பி மேல் கையைப் போட்டு அசந்து தூங்கிவிட்டு, காட்பாடியில் இறங்கும்போது பையைத் தூக்க முடியாமல் பயந்துபோனவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இதற்குக் கீழேதான் பொறுக்காத பகுதி தொடங்குகிறது.

முழங்கை என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. முழம் அளக்கிற கை. மார்க்கெட்டில் பூக்காரம்மா அளப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். சரத்தின் நுனியை நடுவிரல் நுனியில் பிடித்து, மறுகையால் இழுத்து முழங்கை முனை வரை கொண்டுபோவார். அது அல்னா என்கிற முன்கை எலும்பின் மேல் முனை. மணிக்கட்டை லேசாக மடக்கினால் முழம் இரண்டு விரற்கடை குறைந்துவிடும். "கையை நேரா புடிம்மா" என்று வாங்குகிறவர் சொல்வது இதைத்தான். அந்த அம்மாவின் மணிக்கட்டு அன்றாடம் பத்துமுறை விசாரணைக்கு உள்ளாகிறது.

இப்போது உங்கள் முழங்கையை மடக்குங்கள். பின்னால் ஒரு முனை, இரண்டு பக்கமும் இரண்டு முண்டு, மூன்றையும் தொட்டால் ஒரு முக்கோணம் தெரியும். கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். மூட்டு நழுவியிருந்தால் இந்த முக்கோணம் கலைந்திருக்கும். முண்டுகளுக்கு மேலே மேற்கை எலும்பு உடைந்திருந்தால் கை வீங்கிக் கோணியிருக்கும், முக்கோணம் மட்டும் கலையாது. எக்ஸ்ரே வருவதற்கு முன்னால் வைத்தியர்களுக்கு இந்த மூன்று புள்ளிதான் எக்ஸ்ரே.

குழந்தைகளுக்கு வருகிற முறிவுகளில் நான் மிகவும் பயப்படுவது இந்த இடத்தைத்தான். முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் அப்பளம் மாதிரி மெலிந்திருக்கிறது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழுந்தால் அங்கே ஒடிகிறது. அதற்கு நேர் முன்னால்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் ஒரு முக்கிய நரம்பும் போகின்றன. வீக்கம் ஏறுகிற நேரத்தில் அதன் மேல் இறுக்கிக் கட்டினால், முன்கையில் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிடும். சில மணி நேரம் போதும். செத்த தசை நாராகச் சுருங்கி, விரல்களைக் கொக்கியாக இழுத்துவிடும். 1881-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் இதை விவரித்து எழுதினார். இறுக்கிய கட்டுகளைத்தான் அவர் குற்றம் சொன்னார், அவை ஆஸ்பத்திரிக் கட்டுகளும்தான். மூங்கில் பத்தையானாலும் மாவுக்கட்டானாலும் இறுக்கம் இறுக்கம்தான்.

கட்டுப் போட்ட பிள்ளை வலிக்குது என்று விடாமல் அழுதால், "கட்டுனா வலிக்கத்தான் செய்யும்" என்று அடக்காதீர்கள். விரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். நீட்டும்போது அலறினால், விரல் வெளுத்திருந்தால், மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கட்டைப் பிரிக்க வைக்க வேண்டும். இந்தப் பத்தியைச் சொல்வதற்காகத்தான் பாதிக் கட்டுரை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முன்கை. ஆம்பூர் பிரியாணியை இலையில் பிசைகிற கையைக் கவனியுங்கள். பிசையும்போது உள்ளங்கை இலையைப் பார்க்கிறது. கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது உள்ளங்கை முகத்தைப் பார்க்கத் திரும்புகிறது. இந்தத் திருப்பம் முழங்கையிலோ மணிக்கட்டிலோ நடப்பதில்லை. முன்கையில் இருக்கிற இரண்டு எலும்பில், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆர எலும்பு அதன் மேல் குறுக்கே புரள்கிறது. உள்ளங்கை மேலே பார்த்தால் இரண்டும் இணைகோடு. கவிழ்த்தால் பெருக்கல் குறி. ஸ்க்ரூ முடுக்குவதும் இதே வேலைதான். மேற்கையில் புடைத்துக் காட்டுகிற பைசெப்ஸ் தசை உள்ளங்கையை மேலே திருப்புவதில் பலசாலி. வலது கைக்காரருக்கு ஸ்க்ரூவை முடுக்குவது எளிதாகவும் கழற்றுவது கஷ்டமாகவும் இருப்பது அதனால்தான்.

ஆர எலும்பு நேர்க்கம்பு இல்லை. வெளிப்பக்கமாக லேசாக வில் போல வளைந்திருக்கிறது. அந்த வளைவு இருந்தால்தான் அல்னாவைத் தாண்டிப் புரள முடியும். உடைந்த எலும்பு சேரும்போது அந்த வில் தட்டையானாலோ, துண்டு ஒன்று முறுக்கிக்கொண்டாலோ, எலும்பு கல் மாதிரி சேர்ந்திருக்கும், கை மட்டும் திரும்பாது. சில்லறை வாங்க உள்ளங்கையை நீட்ட முடியாமல் தோளையே சாய்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்பும் உடைந்தால் பிளேட் வைக்க டாக்டர்கள் அவசரப்படுவது காசுக்காக என்று ஊரில் பேச்சு இருக்கிறது. காசு விஷயம் எனக்குத் தெரியாது, எலும்பு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் எலும்பு பச்சை வேப்பங்குச்சி மாதிரி, ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் வளைந்து நிற்கும். வளர்ச்சி பாக்கி இருப்பதால் வளைவு கொஞ்சம் தானே நிமிரும். முறுக்கு மட்டும் நிமிராது.

மணிக்கட்டுக்கு வந்தால் இரண்டு வகைக்காரர்கள். ஒன்று, பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றுகிற பாட்டிகள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்து, ஆர எலும்பின் கீழ் முனை நொறுங்கிக் கை பின்பக்கமாக வளைந்துவிடும். அயர்லாந்தின் ஆப்ரகாம் காலிஸ் 1814-இல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 81 வருடம் இருந்தது, வெறும் கண்ணாலும் கையாலும் பார்த்து எழுதினார்.

இரண்டாவது வகையில் நானே இருக்கிறேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன், ஒரு டாக்டர் அமுக்கிப் பார்த்துச் சுளுக்கு என்று தைலம் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்தும் டீ டம்ளர் தூக்கினால் வலித்தது. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில் இரண்டு நாணுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். மூக்குப்பொடி போடுகிற தாத்தாக்கள் பொடியை அந்தப் பள்ளத்தில் கொட்டித்தான் உறிஞ்சுவார்கள். உடற்கூற்று நூல்களிலும் அதன் பெயர் பொடி டப்பாதான், பாருங்கள். அந்தப் பள்ளத்தின் தரையில் படகு வடிவத்தில் ஸ்கேபாய்டு என்கிற சின்ன எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் விரல் பக்க முனை வழியாகப் போய்ப் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த எலும்பு நடுவில் உடைந்தால் பின்பாதிக்குத் தண்ணீர் நின்ற கடைமடை வயல் கதி. அது செத்தே போகலாம். விழுந்த அன்று எடுக்கிற எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. அதனால் பொடிப் பள்ளத்தில் அமுக்கினால் வலிக்கிறது என்றால், கட்டுப் போட்டு, பத்து பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு யாரும் எடுக்கவில்லை.

விரல்களில் ஒரு வேடிக்கை. விரலை மடக்கும் தசை ஒன்றுகூட விரலுக்குள் இல்லை. முன்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுங்கள், அசைவு எங்கே நடக்கிறது என்று தெரியும். முன்கைத் தசையிலிருந்து நீளமான நாண்கள், மணிக்கட்டின் குறுகலான வாசல் வழியாகப் புகுந்து, ஒவ்வொரு விரலுக்கும் போகின்றன. பொம்மலாட்டக் கயிறுதான். முரட்டுப் பிடிக்கு இது போதும். ஆனால் குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற பெண்களின் விரலைப் பாருங்கள். கத்தரித்த இலையில் தூளை வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, நுனியை உள்ளே மடித்து, நூலைச் சுற்றுவதற்குள் நாம் எண்ணக்கூட முடியாது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்க, அதன் அடி மூட்டு குதிரைச் சேணம் போல இரு பக்கமும் வளைந்திருப்பது வசதி. மீதி நுணுக்கம் எல்லாம் உள்ளங்கைக்குள் இருக்கிற குட்டித் தசைகளின் வேலை.

அந்தக் குட்டித் தசைகளுக்குப் போகும் நரம்பில் பெரும்பங்கு அல்னார் நரம்பு. முழங்கை மூலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறதே, அதே நரம்பு. அங்கே அது தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் குளிர்ச்சி. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். நரம்பு கெட்டால் குட்டித் தசைகள் படுத்துவிடும், விரல்கள் கழுகு நகம் போல மடங்கிவிடும். 32 எலும்பும் சரியாக இருக்கும். ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

இந்தக் கைகளுக்கு வழி கண்டுபிடித்தது வேலூரில். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் தச்சும் கட்டட வேலையும் பழகிவிட்டு, பிறகு அறுவை மருத்துவராகி, 1946-இல் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை மரத்துப்போயிருந்தாலும், முன்கையில் ஆழத்தில் இருக்கிற தசைகள் பல நல்ல பலத்தோடு இருப்பதைக் கண்டார். நடுவிரலை மடக்க இரண்டு நாண்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து நான்கு கீற்றாகப் பிளந்து, நான்கு விரலுக்கும் ஒவ்வொன்றாகத் தைத்து, செத்த குட்டித் தசைகளின் வேலையை அதனிடம் கொடுக்கலாம். அறுவை முடிந்ததும் கை வேலை செய்துவிடாது. பழைய நடுவிரலை மடக்குவதாக நினைத்தால் இப்போது வேறு அசைவு வரும், அதை மூளைக்குப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை ஆபரேஷன்களைச் செய்தார்.

பிராண்ட் இன்னொன்றையும் கண்டார். தொழுநோயில் விரல் அழுகி விழும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. விரல் குட்டையாவது வலி தெரியாததால். துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாதபோது, நோயுள்ள ஒரு சின்னப் பையன் வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்ததை அவர் சொல்வார். பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்து ரத்தம் சொட்டியது, அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி தூங்கும்போது எலி கடிப்பதும் தெரியாமல் போன கைகள் இருந்தன. காயமும் சீழும் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே விரல் எலும்பு கரைந்து குறுகும்.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சிக்காகவே ஒரு மருத்துவமனை வந்தது. மருந்து சாப்பிட்டால் கிருமி போய்விடும், மரத்த கைக்கு உணர்ச்சி திரும்பாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலைகள்தான். சூடான டம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் விளக்கடியில் உட்கார்ந்து, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பி, விரல் விரலாகப் பார்க்க வேண்டும், எங்கேயாவது கொப்புளம் இருக்கிறதா என்று.